பாஸ்போர்ட்டைக் கேட்ட மதர்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கிறீச்சென்று இழுக்கும், கடகடவென்று ஓடும், நிற்கும். மறுபடி இழுக்கும். மரநாய் ஓட்டைப் பிராண்டுகிறது என்றார்கள் மடத்துச் சகோதரிகள். சிஸ்டர் ஜெசிந்தா டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.

பழைய சாமான் அறையில், எண்ணெய் கண்டு பல காலமான தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார் மதர் அமலோற்பவம். மடியில் உள்பாவாடைகள். ஒவ்வொன்றின் உள்பக்கமும், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பை.

"இது எதுக்கு மதர்?"

"போலந்து போறதுக்கு."

மடத்து விடுதியின் இளையோர் குழுப் பெண்பிள்ளைகள் போலந்தில் நடக்கும் மாநாட்டுக்குப் போகிறார்கள். ஜெசிந்தாதான் அழைத்துப் போகிறாள். அவளும் விமானம் ஏறியவளில்லை. கூட்டிப்போவதில் அவளுக்குப் பயமில்லை. திருப்பிக் கூட்டிவருவதில்தான் பயம்.

என்னென்ன கட்டிக்கொண்டு போவது என்று பார்ப்பவரையெல்லாம் கேட்டுவிட்டாள். பங்குச் சாமியார் குடை என்றார். ஸ்டெனிலா என்ற பிள்ளையின் அம்மா மாசிக்கருவாட்டுப் பொடி என்றாள், வாடை வராமல் கவருக்குள் கவர் போட்டுத் தருவதாகவும் சொன்னாள். கொடைக்கானலில் வேலை பார்த்த ஒருவர், குளிர் எலும்புக்குள் போகும் என்று பயமுறுத்திவிட்டுத் தன் பழைய ஸ்வெட்டரைத் தலையில் கட்டப் பார்த்தார்.

இப்போது மதரிடமும் கேட்டாள்.

மதர் நூலைப் பல்லால் கடித்தார். "பாஸ்போர்ட்."

"அது இருக்கு மதர். எல்லாருதையும் நானே வாங்கி வச்சிருக்கப் போறேன். அங்க இறங்கினதும் டொமினிக் சார் வாங்கிக்கிறாராம். லாக்கர்ல பத்திரமா வைப்பேன்னு போன்ல சொன்னார்."

டொமினிக் அங்கே அவர்களை வரவேற்க இருப்பவர். அவர் பெயரைச் சொல்லும்போதே ஜெசிந்தாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

மதர் மெஷினை நிறுத்தினார். விடுதியில் படித்த மரியபுஷ்பத்தைப் பற்றிச் சொன்னார். வீட்டு வேலைக்கென்று வளைகுடாவுக்குப் போனவள். ஏர்போர்ட்டிலேயே ஒருவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். மரியாதையான மனிதர். காரில் ஏசி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பெற்ற தாய் செத்ததற்குக்கூட அவளால் வர முடியவில்லை. அவ்வளவு பத்திரம்.

"டொமினிக் சார் அப்படிப்பட்டவர் இல்ல மதர்."

"இருக்க மாட்டார். நீ எப்படிப்பட்டவ?"



மறுநாள் மதர் பாவாடைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஏர்போர்ட் கவுன்ட்டரில் அதிகாரி பார்ப்பார், அங்கேயே திருப்பித் தருவார், அதோடு சரி; வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றார். எல்லோரும் ஒரே குரலில் "யெஸ் மதர்" என்றார்கள். ஜெசிந்தாவின் குரலும் அதில் இருந்தது.

சாயங்காலம் மதரே வந்து, பாஸ்போர்ட்டை ஒரு நிமிஷம் பார்க்கட்டுமா என்று கையை நீட்டினார். பிள்ளைகள் வெட்கப்பட்டுத் திரும்பி நின்று, பைக்குள் கைவிட்டு எடுத்து, மடத்தில் பழக்கியிருந்தபடி தலை குனிந்து இரண்டு கையாலும் கொடுத்தார்கள். கூடவே ஒரு தேங்க்யூ. ஜெசிந்தா தன்னுடையதைக் கடைசியாகக் கொடுத்தாள், மற்றவை ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு.

மதர் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இந்தப் பிள்ளைகளை நான் எங்க அனுப்புறது?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் வாட்ச்மேனை அனுப்பி, மதர் வாங்கிவரச் சொன்னார் என்று சொல்ல வைத்தார். அவரிடமும் கொடுத்துவிட்டார்கள். அலமாரியிலிருந்து மறுபடி வாங்கப் போனபோது ஸ்டெனிலா சொன்னாள்: "இங்கயே இருக்கட்டும் மதர். எங்களுக்கும் அலைச்சல் மிச்சம், பாவாடைக்கும் பாரம் மிச்சம்." மதர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், பிள்ளைகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அறை வாசலில் மதர் வந்து நின்றார். எல்லா பாஸ்போர்ட்டையும் இப்போதே வாங்கி அனுப்பச் சொல்கிறார் டொமினிக், டிராவல் ஏஜென்சி ஆள் கீழே நிற்கிறான், கொடுக்காவிட்டால் பயணமே இல்லை என்றார். சோதனையா நிஜமா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கீழே யாரோ பைக் ஹாரனை இரண்டு தரம் அடித்தார்கள்.

பிள்ளைகளின் கைகள் தாமாகவே இடுப்புக்குப் போயின.

ஜெசிந்தா எழுந்து வந்து வாசலை மறித்து நின்றாள்.

"தர மாட்டோம் மதர்."

"பயணம் நின்னு போகும்."

"நிக்கட்டும்."

"வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா? மடத்துக்கே அவமானம்."

"காபி கொடுத்து அனுப்புங்க மதர்."

அறைக்குள் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மதரின் குரல் தாழ்ந்தது. "கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவ நீ. பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டுக் கொடுத்தே."

 வார்த்தைப்பாட்டை மீறியவளை மடத்தை விட்டு அனுப்பலாம். இந்த மடத்தைத் தவிர அவளுக்கு வேறு வீடு இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடுத்தது நான், மதர். இந்தப் பிள்ளைங்க யாருக்கும் எதுவும் கொடுக்கல."

மதர் நகரவில்லை. ஜெசிந்தாவும் நகரவில்லை. ஹாரன் மறுபடி கேட்டது.

ஜெசிந்தாவின் கண் நிறைந்துவிட்டது. "நான் செய்யிறது சரிதானா மதர்?"

"அந்த முடிவையும் என் கையிலதான் கொடுப்பியா?"

ஜெசிந்தா கண்ணைத் துடைத்தாள். மதரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.