எங்க சரக்குதாங்க

உடுமலைச் சந்தைக்குப் பின்தெருவில் கோகிலவாணியின் கடை இருந்தது. பாத்திரம் தேய்க்கப் பூந்திக்கொட்டைத் திரவம், தரை துடைக்க ஆரஞ்சுத் தோல் திரவம், பீர்க்கங்காய் நார், தேங்காய் நார் பிரஷ். அங்கே கிடைப்பது இவ்வளவுதான். பாட்டில் கிடையாது, பை கிடையாது. வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்குவாளி, அந்த ஊர்ப் பேச்சில் தூக்குப்போசி, கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கினார். ஊருக்கு அவர் இப்போதும் டீச்சர்தான். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

அவரிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பன் அவரைவிட மிகவும் மூத்தவர். ஒரு பெரிய கம்பெனியின் தரை கழுவும் திரவத்துக்கு ஏஜென்ட்டாக இருந்து ஊர் ஊராகப் பெட்டி இறக்கியவர். ஒருமுறை வாய்க்கால் தூர்வாரினார்கள். மதகை அடைத்துக்கொண்டு கிடந்ததில் பாதி அவர் விற்ற நீலப் பாட்டில்கள். ஆட்கள் கம்பியால் குத்தி எடுத்துக் கரையில் குவிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நாளில் ஏஜென்சியை விட்டுவிட்டு டீச்சர் கடைக்கு வந்து, எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

டீச்சர் முதலில் விற்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்குகிறவர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் வீட்டுத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஒரு வீட்டில் உப்புத் தண்ணீர். நுரையே வரவில்லை. எண்ணெய்ச் சட்டி சுத்தமாகிவிட்டது, ஆனால் நுரை இல்லாமல் எப்படி அழுக்குப் போகும் என்று அந்த வீட்டு அம்மா நம்பவில்லை. கேள்விப்பட்டதும் டீச்சரே அங்கே போனார். சட்டியை அந்த அம்மா கையில் கொடுத்து விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். அப்படியும் அவர் நம்பவில்லை. டீச்சர் மறுபடி போனார், அதன் பிறகும் போனார். கடைசியில் அந்த அம்மா தூக்குப்போசியோடு கடைக்கு வந்தார். ஒரே ஒரு வீட்டுக்காக ஒருவர் இவ்வளவு நடப்பாரா என்று சென்னியப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடையில் பூந்திக்கொட்டை காய்ச்சும் வேலை தமயந்தியுடையது. கைசுத்தமானவள், சுறுசுறுப்பானவள். கோடைக்காலத்தில், மாமியாருக்கு முடியவில்லை என்று சொல்லி வேலையிலிருந்து நின்றாள். ஒரு மாதம் கழித்துச் சந்தையின் முன்தெருவில் அவள் கடை திறந்தது. அதே திரவம், அதே நார், விலை கொஞ்சம் குறைவு.

சென்னியப்பன் கொதித்துப்போனார். டீச்சரோ திறப்பு நாளன்று போய் ஒரு நார் வாங்கிக்கொண்டு வந்தார். தமயந்தி தலை நிமிராமல் எடுத்துக் கொடுத்தாளாம்.

டீச்சர் கடையில் பழக்கமான முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. உப்புத் தண்ணீர் வீட்டு அம்மாவும் முன்தெருவுக்கே போய்விட்டார். சென்னியப்பனுக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. வெயில் காலத்தில் காய்ச்சிய திரவம் உடனே விற்றுவிடும். மழைக்காலத்தில் அது தங்கும். தங்கினால் புளிக்கும். புளிக்காமல் இருக்க எலுமிச்சை உப்பு சேர்க்க வேண்டும். தமயந்தி வேலைக்குச் சேர்ந்தது போன மழைக்காலம் முடிந்த பிறகு, நின்றது அடுத்த மழைக்கு முன்பு. அவளுக்கு இது தெரியாது. ஐப்பசி வரட்டும் என்று அவர் காத்திருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் அவர் கடைக்கு வேகமாக வந்தார். தமயந்தி கடை முன்னால் ஒரே கூட்டம் என்றும், திரவம் புளித்து நாற்றமடிக்கிறதாம் என்றும், எல்லோரும் திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறார்கள் என்றும் சொன்னார். முகத்தில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

டீச்சர் அடுப்பை அணைத்தார். புதிதாகக் காய்ச்சி வைத்திருந்த திரவத்தைப் பால் கேன் நிறைய ஊற்றினார். எலுமிச்சை உப்பு ஜாடியையும் எடுத்து, கேனை வண்டியில் ஏற்றச் சொன்னார். வேறு எங்கோ கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் சென்னியப்பன் வண்டியை எடுத்தார். முன்தெருவில் திரும்பச் சொன்னபோதுதான் அவருக்குப் புரிந்தது.

தமயந்தி கல்லாவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். ஒரு பெண், தூக்குப்போசியைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். இதற்குப் பாட்டிலே தேவலாம் என்று இன்னொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் நடுவில் போய் நின்றார்.

“இது எங்க சரக்குதாங்க,” என்றார். “மழைக்குத் தாங்கற மாதிரி நாங்கதான் காய்ச்சியிருக்கோணும். தப்பாயிருச்சு. பாத்திரத்தக் கொடுங்க, மாத்தி ஊத்தித் தரேன்.”

கூட்டம் சற்று அடங்கியது. அப்படியென்றால் ரெண்டு கடையும் ஒன்றுதானா என்று ஒருவர் கேட்டார். படித்த டீச்சரே இப்படிச் செய்யலாமா என்று இன்னொருவர் கடிந்துகொண்டார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு போசியாக வாங்கிக் கழுவி, புதுத் திரவத்தை ஊற்றிக் கொடுத்தார். உப்புத் தண்ணீர் வீட்டு அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

எல்லோரும் போன பிறகு தமயந்தி அழுதாள். டீச்சர் ஜாடியை அவள் முன்னால் வைத்தார். சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு போடோணும், எப்பப் போடோணும்னு நீங்களே சொல்லிக்குடுங்கண்ணா.”

சென்னியப்பன் ஜாடியைத் திறந்து மெதுவாகச் சொன்னார். திரவம் ஆறிய பிறகுதான் போட வேண்டும், போட்டுவிட்டுக் கலக்க வேண்டும், கேனைத் துணியால் கட்ட வேண்டும். தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புரியாததைத் திரும்பக் கேட்டாள். அவரும் திரும்பச் சொன்னார்.

மழை விட்டது. தமயந்தியின் கடை காலூன்றிவிட்டது. டீச்சரிடமிருந்து போன வீடுகளில் சில திரும்பி வந்தன, பல வரவில்லை. புளித்த சரக்கு டீச்சருடையது என்று ஊரில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் அதைத் திருத்தப் போகவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் தெருக்களுக்கு வண்டியில் கேன் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். அங்கே மறுபடியும் ஒவ்வொரு வீடாக, சட்டியைத் தடவிப் பார்க்கச் சொல்லி.

ஒருநாள் அப்படிக் கிளம்பும்போது, முன்தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. தமயந்தியின் கடையில் நல்ல கூட்டம். சென்னியப்பன் வண்டியை நிறுத்திவிட்டார். பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டார்.

“டீச்சர், கஷ்டப்பட்டு நீங்க சேத்துன வீடுங்க. பழியையும் நீங்களே ஏத்துக்கிட்டீங்க. நாளைக்கு மிச்சமிருக்கறதும் அவகிட்டப் போயிருச்சுன்னா என்னங்க பண்றது?”

டீச்சர் கூட்டத்தைப் பார்த்தார்.

“அங்க நிக்கறவங்க கையில என்ன இருக்குதுங்கண்ணா?”

“தூக்குப்போசிங்க. பாட்டில் ஒண்ணும் இல்லீங்க.”

“அப்ப இந்தத் தெருவுல நமக்கு வேலையில்லீங்கண்ணா. அடுத்த தெருவுக்குப் போலாம். வண்டிய எடுங்க.”