நான்கு-பத்து-நான்கு பல்லக்கு

இது எனக்கு இரண்டு கை மாறி வந்த கதை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த எட்வின் சொன்னான். அவனுக்குச் சொன்னவர் அரக்கோணத்தில் இஞ்சின் ஓட்டிய அவனுடைய பெரியப்பா. வெண்குடிச் சமஸ்தானம் என்று ஒன்று எந்த வரைபடத்திலும் எனக்கு அகப்படவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெண்குடி மகாராஜா சொக்கலிங்க பூபதிக்கு ஒன்பது மைல் ரயில் பாதை இருந்தது. அதில் ஓட ஆறு சக்கர இஞ்சின் ஒன்றே ஒன்று இருந்தது. யானை, குதிரை, பல்லக்கு, ரயில் எல்லாம் சவாரி இலாகாவின் பொறுப்பு. இலாகாவின் தலைவர் தாண்டவராயர். அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்று அரண்மனையில் பேச்சு.

ஒரு நாள் சீமைக் கம்பெனி ஏஜெண்டு சேஷய்யா இஞ்சின் படங்களோடு தர்பாருக்கு வந்தார். ஊருக்குப் புதியவர்.

“இஞ்சின் சக்கரத்தை மூணு பங்காப் பிரிச்சு எண்ணணும், மகாராஜா. முன்னாலே வழிகாட்டுற சின்னச் சக்கரம். நடுவிலே இழுக்கிற பெரிய சக்கரம். பின்னாலே பாரம் தாங்குறது. நாலு-ஆறு-ரெண்டுன்னா அதுக்குப் பேர் பசிபிக். ரெண்டு-எட்டு-ரெண்டுன்னா மிகாடோ.”

“மிகாடோன்னா?”

“ஜப்பான் சக்கரவர்த்தி. அந்த மாதிரி இஞ்சினை ஜப்பான்காரங்க வாங்கினதாலே அவர் பேர். ஒரு தரம் வெச்சுட்டா அப்புறம் உலகத்திலே யாராலேயும் மாத்த முடியாது.”

மகாராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்தார். “என் பேர்லே ஒண்ணு?”

“நாலு-பத்து-நாலு. பதினெட்டுச் சக்கரம். இதுவரைக்கும் யாரும் வாங்கலே.”

“ஏன் வாங்கலே?” என்று கேட்டார் தாண்டவராயர்.

“துணிச்சல் இல்லே.”

“நம்ம பாதை சாயக்காரத் தெருவைச் சுத்தி வளையுது. நடுவிலே இருக்கிற பத்துச் சக்கரத்தையும் பக்கத்துக்கு அஞ்சா ஒரே கம்பியிலே பூட்டியிருக்கீங்க. அது எப்படித் திரும்பும்?”

“வளைவை எடுத்துட்டு நேராப் போட்டுடலாம். குறுக்கே நாப்பத்திரண்டு வீடுதானே? வர்ற வழியிலே எண்ணிட்டேன்.”

“இடிச்சுடுங்க” என்றார் மகாராஜா. “திங்கட்கிழமை ஆரம்பம்.”

சேஷய்யா தாண்டவராயர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். “ஐயா வீடும் அந்தத் தெருதானாமே?”

“மூணாவது வீடு. போன வாரம்தான் வெள்ளையடிச்சேன்.”

அந்தத் தெருவின் சாயத் தொட்டிகள் தரையோடு கட்டியவை. தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது. எதிர்த்துப் பேசினால் வீட்டோடு வேலையும் போகும். தாண்டவராயர் முகம் மாறாமல் பேசினார்.

“மகாராஜா, இஞ்சின் கப்பல்லே வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் உங்க பேர் சும்மா இருக்கணுமா? இந்த வெள்ளிக்கிழமை பவனிக்குப் பல்லக்கையே நாலு-பத்து-நாலா ஆக்கிடறேன். பேரையும் அன்னிக்கே வெச்சுடலாம்.”

மகாராஜாவுக்குப் பரம சந்தோஷம். சேஷய்யாவுக்கும்தான். செலவில்லாத விளம்பரம்.

வெள்ளிக்கிழமை பல்லக்கு வந்தது. நாற்பது அடித் தேக்குக் கழிகள் இரண்டு. முன்னால் நான்கு பேர், நடுவில் பத்துப் பேர், பின்னால் நான்கு பேர். இஞ்சினில் இருப்பது போலவே நடுவில் இருந்தவர்களின் வலது காலைப் பக்கத்துக்கு ஐந்து பேராக ஒரே மூங்கிலில் கட்டியிருந்தார் தாண்டவராயர். “சொக்கலிங்க பூபதி! நாலு-பத்து-நாலு!” என்று தண்டோராக்காரன் மூன்று தரம் முழங்கினான்.

அரண்மனை வாசல் வரைக்கும் பல்லக்கு கம்பீரமாகத்தான் போனது. வாசலைத் தாண்டியதும் தெரு இடப்பக்கம் திரும்புகிறது. முன்னால் இருந்த நான்கு பேரும் திரும்பினார்கள். நடுவில் இருந்த பத்துப் பேர் நேராகவே நடந்தார்கள். கழியின் முனை எதிர்ச் சுவரில் போய் முட்டியது. பின்னால் இருந்த நான்கு பேர் இன்னும் வாசலுக்குள்ளேயே இருந்தார்கள். முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

“என்ன ஆச்சு?” என்றது திரைக்குள்ளிருந்து குரல்.

“வளைவு, மகாராஜா.”

“ஏதாவது செய்யேன்!”

தாண்டவராயர் சேஷய்யா பக்கம் திரும்பினார். “இந்த மாதிரி இடத்திலே என்ன செய்யறது வழக்கம்?”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சேஷய்யா குரலை உயர்த்தினார். “குறுக்கே இருக்கிறதை இடிச்சுட வேண்டியதுதான்!”

குறுக்கே இருந்தது எதிர் மாளிகையில் ராஜமாதாவின் பூஜை அறை. ஜன்னல் திறந்தது.

“யாருடா அது, என் சுவத்திலே முட்டுறது?”

“நான்தாம்மா” என்றார் மகாராஜா.

“என்ன கூத்து இது? இதுக்குப் பேர் என்ன?”

மகாராஜா திரையை விலக்கித் தாண்டவராயரைப் பார்த்து வேகமாகத் தலையாட்டினார், சொல்லாதே என்று.

“மகாராஜா பேர்தாங்கம்மா” என்றார் தாண்டவராயர். “உலகத்திலே யாராலேயும் மாத்த முடியாதாம்.”

மகாராஜா இறங்கினார். கழியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கால் கட்டப்பட்டு நின்ற பத்துப் பேரையும் பார்த்தார்.

“அந்தப் பேரை எடுத்துடு.”

“எடுக்க முடியாதுன்னு ஏஜெண்டு சொன்னாரே.”

“அப்போ ஏஜெண்டை எடுத்துடு!”

சொன்ன பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சாயக்காரத் தெரு, மகாராஜா?”

“அது வளைஞ்சே இருக்கட்டும்.”

தேக்குக் கழிகள் இரண்டையும் தாண்டவராயருக்கே பரிசாகக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகத் தெருமுனையில் வைத்து அறுக்க வேண்டியிருந்ததாம்.

பிறகு நான் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். மிகாடோ என்ற பேர் ஜப்பானுக்குப் போன இஞ்சின்களால் வந்தது என்பது சரிதான். இன்னொன்றும் கிடைத்தது. 1930களில் சோவியத் நாட்டில் நான்கு-பதினான்கு-நான்கு என்று ஒரே ஒரு இஞ்சின் கட்டியிருக்கிறார்கள். அது போன இடத்தில் தண்டவாளம் அகன்றுவிட்டது. ஓரமாக நிறுத்திவைத்திருந்து 1960இல் உடைத்துப் போட்டார்கள். அதற்கு ரயில்வே மந்திரியாக இருந்தவரின் பேரை வைத்திருந்தார்கள்.