பிடி வைத்த பெட்டி

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஷமீமா வகுப்பு நடத்தினாள். கம்ப்யூட்டருக்கு வேண்டிய பாகங்களைப் பார்த்து வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் அவளிடம் வருவார்கள். அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை.

அவளிடம் வந்தவர்களில் மூத்தவர் வியாகப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

வியாகப்பனின் மனைவி இறந்த பிறகு மகள் ஜெனோவா பெங்களூரிலிருந்து வந்து அவரோடு இருந்தாள். கட்டப்போகும் கட்டடம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது அவள் வேலை. கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே செய்ய அலுவலகத்தில் அனுமதித்திருந்தார்கள். அவளுடைய பழைய லேப்டாப் திணறியது. தன் கையால் ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்க வேண்டும் என்று வியாகப்பன் மாடியேறினார்.

"இருக்கிறதுலயே பெரிய கிராபிக்ஸ் கார்டு எது டீச்சர்?"

"யாருக்கு?"

"மகளுக்கு. வேலையும் பாப்பா, கேமும் ஆடுவா."

"என்ன கேம் ஆடுதாங்க?"

வியாகப்பனுக்குத் தெரியவில்லை.

"பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. அப்புறம் கார்டைப் பத்திப் பேசுவோம்."

வியாகப்பன் வீட்டில் அப்பாவும் மகளும் சோற்றைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டு வந்தார்கள். பக்கத்தில் உட்காருவதே புதிதாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த வகுப்பில் அவராகவே ஆரம்பித்தார்.

"மலைப்பாதையில லாரி ஓட்டுத ஆட்டம் டீச்சர். பேசாம பாத்துக்கிட்டு இருந்தேன். 'நீங்க ஓட்டுதீங்களாப்பா?'ன்னு கேட்டு கண்ட்ரோலரைக் கையில குடுத்துட்டா. அவ்வளவு பெரிய கிரேனை ஓட்டினவன், ரெண்டாவது வளைவுலயே லாரியைப் பள்ளத்துல விட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா. அவ அம்மா போனப்புறம் இப்பதான் சிரிக்கா."

ஷமீமாவும் சிரித்தாள். பிறகு, "கம்ப்யூட்டர் என்ன செஞ்சுது?" என்றாள்.

"படம் நின்னு நின்னு வருது. வேலை பாக்கும்போது ஒண்ணைத் தொறந்தா இன்னொண்ணை மூட வேண்டியிருக்கு. ஃபேன் சத்தம் வேற, தண்ணி மோட்டார் கணக்கா. அதுக்காகவே ஹெட்போனை மாட்டிக்கிடுதா. நான் சாப்பிடக் கூப்பிடுதது அவளுக்குக் கேக்கவே மாட்டேங்கு."

"கார்டு நடுத்தரமே போதும். ஒண்ணை மூடாமலே இன்னொண்ணைத் தொறக்க ராம் கூடுதலா போடுவோம். ஃபேன் மட்டும் சத்தமே வராததா, நல்லதா வாங்கிருவோம்."

"ஃபேனுக்குப் போயா இவ்வளவு துட்டு டீச்சர்?"

"நீங்க கூப்பிடுதது கேக்க வேண்டாமா?"

வியாகப்பன் தலையாட்டினார்.

வகுப்பிலிருந்த பழைய மதர்போர்டில் பிராசஸரை அதன் இடத்தில் அழுத்தாமல் வைப்பதற்கு வெகுநேரம் பழகினார். சரியாக உட்கார்ந்த அன்று, கண்டெய்னரைக் கப்பலில் இறக்கியதுபோல இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

மதர்போர்டு வாங்கும் முன் கேபினட்டை முடிவு செய்ய வேண்டும். பாகங்களையெல்லாம் உள்ளே வைத்து மூடும் பெட்டி அது. பெட்டியின் அளவுக்குத்தான் போர்டு. அன்று வியாகப்பன் முகம் வாடி வந்தார்.

"கேபினட் பெருசா இருக்கட்டும் டீச்சர். நல்ல கனமா."

"உள்ளே போடப்போறது கொஞ்சம்தான் அண்ணாச்சி. பாதி இடம் சும்மா கிடக்கும்."

"கிடக்கட்டும். ரெண்டு ஆள் சேர்ந்தாத்தான் தூக்க முடியணும்."

"ஏன்?"

வியாகப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆபீசுல திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. அடுத்த மாசம் கிளம்பணுமாம். போகவா வேண்டாமான்னு என்கிட்டயே கேக்கா. நான் என்னத்தைச் சொல்ல? கம்ப்யூட்டர் கனமா இருந்தா, இதை எப்படித் தூக்கிட்டுப் போகன்னு ஒரு தடவையாவது யோசிப்பால்லா?"

ஷமீமா எழுந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன கேபினட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன் தலையில் ஒரு கைப்பிடி இருந்தது.

"தூக்கிப் பாருங்க."

தூக்கினார். கதவு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"ஒத்தக் கையில வருதே. எல்லாத்தையும் போட்டாலும் கனக்காது போல."

"உங்க மக வேலைக்கு இதுவே தாராளம். காத்தும் நல்லாப் போகும்."

"இது வேண்டாம் டீச்சர். பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டே போயிருவா." கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பெட்டி அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. "இந்தப் பிடியை மட்டும் கழட்ட முடியுமா?"

"முடியும். ஸ்குரூதான்."

ஸ்குரூ டிரைவரை எடுத்து அவரிடம் நீட்டினாள். வியாகப்பன் பெட்டியை மேஜைமேல் வைத்து, குனிந்து, முதல் திருகைத் தளர்த்தினார். அது பாதி வெளியே வரும்வரை ஷமீமா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரும்போது எதைப் பிடிச்சுத் தூக்கிட்டு வருவாங்க?"

வியாகப்பன் நிமிரவில்லை. திருகைத் திரும்ப உள்ளே முறுக்கத் தொடங்கினார்.