காத்தாயி எருமையின் அஞ்சு ரவுண்டு

சத்தியமாச் சொல்றேன் புள்ளைங்களா, இதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யின்னா எங்க எதிர்வீட்டுக்காரன் மீசை இப்பவே உதிரட்டும்.

ஒரு காட்டுல காத்தாயின்னு ஒரு எருமை. அவ கால் புண்ணாகிப் படுத்திருந்த சமயம், கூட்டமெல்லாம் புல்லு தேடி மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. புண்ணு ஆறிருச்சு. ஆனா சேத்துலயே கெடந்ததுல உடம்பு ஊதிப்போச்சு. மேட்டுல ஏறுனா பாதியிலயே உருண்டு வந்துருவா.

சாயங்காலம் காத்து இந்தப் பக்கம் திரும்புனா அக்கா வாசம் வரும். அக்கா கன்னுக்குட்டியோட பால் வாசம் வரும். காத்தாயி மூக்கைத் தூக்கிக்கிட்டு நிப்பா. காத்து நின்ன பெறகும் நிப்பா.

நாவல் மரத்துல இருந்த வாலப்பன் குரங்கு இதைப் பாத்தான்.

"மேடு ஏறணுமா தாயி? ஒரே மாசத்துல உன்னை இரும்பாக்கிடுறேன். என்னை மாஸ்டர்னு கூப்பிடு."

"சரிங்க மாஸ்டர்."

வாலப்பன் தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சு பயிற்சியை உண்டாக்குனான். அம்பது தடவை நாவல் மரத்தை முட்டணும். அம்பது தோப்புக்கரணம். பெறகு குளத்தைச் சுத்தி ஓட்டம். இது ஒரு ரவுண்டு. ஒரு நாளைக்கு அஞ்சு. நடுவுல நின்னா முதல்லேர்ந்து!

"காதைப் பிடிக்க எனக்குக் கை இல்லையே மாஸ்டர்?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

முதுகுல ஏறி உக்காந்து ரெண்டு காதையும் புடிச்சுக்கிட்டான். ஓட்டத்துக்கும் எறங்கல.

காத்தாயிக்கு நுரை தள்ளிச்சு. முட்ட முட்டப் பழம் பொலபொலன்னு கொட்டுச்சு. மாஸ்டர் வாயெல்லாம் ஊதா.

"மேடு எப்ப ஏறுறது மாஸ்டர்?"

"பழம் முடியட்டும்... சீ, பயிற்சி முடியட்டும்!"

இருபதாம் நாள் காலையில, கூட்டத்து முதுகுல உண்ணி பொறுக்குற கொக்கு பறந்து வந்துச்சு.

"காத்தாயி! அங்க புல்லு தீந்துபோச்சு. உச்சிப்பொழுதுக்குக் கூட்டம் கெளம்புது, எங்கன்னு எனக்கே தெரியாது. உங்கக்கா மேட்டையே திரும்பித் திரும்பிப் பாக்குறா. ஏறி வாடி!"

காத்தாயி ரெண்டு எட்டு ஓடுனா. சட்டுன்னு நின்னுட்டா.

"இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கே. நடுவுல விடக்கூடாதுன்னு மாஸ்டர்..."

"அடி எருமை!"

"அது தெரிஞ்ச விஷயந்தானே"ன்னு மரத்தை முட்டப் போயிட்டா.

ரெண்டு ரவுண்டையும் முடிச்சுட்டுத்தான் மேட்டுக்கு வந்தா. கழுத்து பாறையாட்டம் இருந்துச்சு. ஆனா இருபது நாளா மேட்டுல ஒரு நாளாச்சும் கால் வச்சிருந்தாத்தானே, எங்க ஊனணும்னு குளம்புக்குத் தெரியும்? நாலு தடவை சறுக்குனா. முட்டி தேஞ்சு ரத்தம் வந்துச்சு. அஞ்சாவது தடவை உச்சியைப் புடிச்சுட்டா.

பொழுது சாஞ்சிருந்துச்சு. அந்தப் பக்கம் புல்லு தீந்த கட்டாந்தரை, குளம்புத்தடங்கூட இல்லை. மேட்டு ஓரமா மட்டும் கொஞ்சம் சாணி கெடந்துச்சு. அக்காவோடது. இன்னும் சூடு ஆறல; கூட்டம் கெளம்புன பெறகும் அக்கா இங்கயே நின்னு பாத்திருக்கா.

காத்தாயி அது பக்கத்துல போய் நின்னா. "அக்கா!"ன்னு கத்துனா. கொஞ்ச நேரம் காதை விரிச்சுக்கிட்டு இருந்தா. மறுபடியும் கத்துனா.

நீதி: ஏற வேண்டிய மேட்டுல கால் வைக்காதவன், வேற எங்க வேர்வை சிந்துனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டான்.

கேட்டாச்சுல்ல? கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, மடியில ஒளிச்சு வச்சிருக்கிற வறுகடலையை இப்படித் தள்ளு. ஒரு கை பத்தாது, ரெண்டு கை. சொத்தையை நீ வச்சுக்க!