உத்தரவு போட்டு வந்த சுதந்திரம்

எந்த நாடு, எந்த ராஜா என்று என்னை நச்சரிக்காதீர்கள். முன்னொரு காலத்தில், மகரவர்மன் என்றொரு ராஜா. மனுஷன் தங்கமானவர், ஆனால் ஏதாவது ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் இறங்காது. ஒருநாள் சபைக்கு வந்த பண்டிதர் ஒருவர், "மனிதன் இயல்பிலேயே சுதந்திரமானவன்" என்று பேசிவிட்டுப் போனார். பிடித்துக்கொண்டார் ராஜா.

"தாண்டவா!" என்று தம் விகடகவியை அழைத்தார். "நாளை பகல் முழுவதும் நீ சுதந்திர மனிதன். யாருக்கும் கீழ்ப்படியக் கூடாது, எனக்கும்கூட. கீழ்ப்படிந்தால் நாடு கடத்துவேன்!"

தாண்டவன்மேல் வெகுநாளாய் வயிற்றெரிச்சல் கொண்டிருந்த மந்திரி அறிவாகரர் மெல்ல எழுந்தார். "உத்தமம், மகாராஜா! ஆனால் அரச ஆணையை மீறியவனுக்கும் நாடு கடத்தல்தானே தண்டனை? அந்தச் சட்டம் நாளைக்கும் உண்டல்லவா?"

"உண்டு, உண்டு" என்றார் ராஜா, யோசிக்காமல்.

அடப்பாவி! கீழ்ப்படிந்தாலும் போச்சு, மீறினாலும் போச்சு. வீட்டில் தாண்டவனின் மனைவி செங்கமலம் அழுதுகொண்டே துணிகளை மூட்டை கட்டினாள். அவனுக்கும் தூக்கம் வரவில்லை. ராஜாவைப் பிரிந்து எங்கே போய் யாரைச் சிரிக்க வைப்பான்?

மறுநாள் சபை கூடியது. "உட்கார்" என்று சொல்ல ராஜா வாயெடுக்குமுன் தாண்டவன் உட்கார்ந்துவிட்டான். பாடச் சொல்லலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார். இவன் பாடவே ஆரம்பித்துவிட்டான். இத்தனை வருஷம் பழகியவனுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியாதா? எந்த ஆணைக்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

பொறுக்கவில்லை அறிவாகரருக்கு. ராஜாவின் காதருகே குனிந்தார். "நாட்டை விட்டுப் போ என்று சொல்லிப் பாருங்கள், மகாராஜா."

ராஜாவின் முகம் வாடியது. அதைக் கண்டதுமே தாண்டவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"மகாராஜா, நான் வேறு நாடு பார்க்கக் கிளம்புகிறேன். என் இஷ்டம்."

"நி..." என்று தொடங்கிய ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். நில் என்றால், நின்றாலும் குற்றம், நில்லாவிட்டாலும் குற்றம்! வில், வாள், தர்க்கம் என்று எத்தனையோ சொல்லிக்கொடுத்த ஆசான்கள், ஒருவரிடம் பிரியமாக ஒன்றைக் கேட்பது எப்படி என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவேயில்லை. தாண்டவன் வாசலை நெருங்கினான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சிம்மாசனத்தை விட்டு ஓடியே வந்தார் ராஜா. மூச்சிரைத்தது.

"தாண்டவா... எனக்காக... போகாமல் இருக்கிறாயா?"

தாண்டவன் கண் கலங்கிவிட்டது. "இருக்கிறேன், மகாராஜா."

"கீழ்ப்படிந்துவிட்டான்!" என்று குதித்தார் அறிவாகரர்.

"இல்லை, மந்திரியாரே. அரசர் ஆணையிடவில்லை, கேட்டார். மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இருக்கவே எனக்கு ஆசை. இதைவிடச் சுதந்திரம் வேறு ஏது?"

ராஜா அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு குறும்பாகத் திரும்பினார். "அறிவாகரரே, நாளை நீர் ஒருநாள் சுதந்திரமாக இருக்கிறீரா? ஆணையில்லை. சும்மா கேட்கிறேன்."

மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. கை கூப்பினார். "தங்கள் உத்தரவு எப்படியோ, அப்படியே, மகாராஜா!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தம் முத்துமாலையைக் கழற்றி, "இதைப் போட்டுக்கொள்கிறாயா, தாண்டவா?" என்று கேட்டார்.