கொடிக்கம்பத்துச் சிலந்தி

பஞ்சாலையை மூடிய பிறகு அதன் வாசலில் எருக்கும் துத்தியும் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரெஜினா டீச்சர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே பூச்சி பார்க்க வருவார்.

ஆலைத் தொழிற்சங்கத்தின் பழைய தலைவர் வையாபுரி முதலில் வந்தது கேலி செய்யத்தான். ஒரு காலத்தில் அந்த வாசலில் அவர் கையைத் தூக்கினால் மூன்று ஷிப்டும் நின்றுவிடும்.

"பூச்சிக்கெல்லாம் கூட்டம் சேருதுங்களா?" என்றார். "மனுசனுக்கே சேர மாட்டேங்குது."

டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓர் இலைக்கு முன்னால் கேமராவோடு குனிந்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தலைவரே. உங்க நிழல் விழுந்தா இது ஓடிடும்."

முன்னால் நின்றே பழகிய மனிதர். அவருடைய நிழலைப் பற்றி அதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. தள்ளி நின்றார். இலைமேல் இருந்த வண்டு ஓடவில்லை. அன்றிலிருந்து அவர் டீச்சருக்குச் சீடர்.

மழை முடிந்த ஒரு ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து டீச்சருக்காகக் காத்திருந்தார். கையில் கைபேசி.

"டீச்சர், போன மாசம் ஆராய்ச்சிக்காரங்களுக்கு அனுப்பின படத்துக்குப் பதில் வந்துதுங்களா?"

அது ஒரு தாவும் சிலந்தி. அரிசி மணி அளவுதான் இருக்கும். சங்கத்தின் கொடிக்கம்பத்தைப் பாதியில் அறுத்து எடுத்துப் போனவர்கள் அடிக்குழாயை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். அதற்குள் குடியிருந்தது. கறுத்த உடம்பு. தலையைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை.

"வந்தது" என்றார் டீச்சர். "யாருக்கும் அடையாளம் தெரியலை. புதுசா இருக்கலாம்."

"புதுசுன்னா பேர் வைக்கலாமுங்களா?"

"வைக்கலாம். என்ன பேர்?"

"பொன்னையா."

இதே வாசலில் துப்பாக்கிச் சூட்டில் செத்தவன் பொன்னையா. தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு கட்டியிருப்பான். சங்க மன்றத்துக்கு அவன் பேரைத்தான் வைத்தார்கள். சங்கம் இரண்டாக உடைந்தது. மன்றத்தை விற்றார்கள். பெயர்ப்பலகை பழைய இரும்போடு போயிற்று. அவன் நினைவு நாளில் இப்போது வையாபுரி மட்டும் தனியாக வந்து நின்றுவிட்டுப் போகிறார்.

"மன்றத்துக்கு வெச்சா வித்துடறானுக. தெருவுக்கு வெச்சா அடுத்து வர்றவன் மாத்திடறான். பூச்சிக்கு வெச்ச பேரை எவன் மாத்துவான், பாக்கறேன்" என்றார். குரல் பழைய மேடைக் குரலாகிவிட்டது.

டீச்சர் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். பாதியளவு தெளிந்த திரவம்.

"என்னதுங்க இது?"

"ஸ்பிரிட். படம் மட்டும் போதாது. சிலந்தியை இதுல போட்டு அனுப்பணும். அதைப் பாத்துத்தான் பேர் வைப்பாங்க. நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பாக்கறதுக்கு அது அங்கேயே இருக்கும்."

"உசுரோடயா?"

"போடும்போது உசுரோடதான் இருக்கும்."

வையாபுரி குப்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"ஒரு பேருக்கு ஒரு உசுருங்களா?"

"நான் நிறைய போட்டிருக்கேன். தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். "உங்க மன்றத்துக்குப் பேர் எப்படி வந்தது தலைவரே?"

வையாபுரி குழாய் அருகே போய் மண்டியிட்டார். சிலந்தி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. குப்பியின் மூடியைத் திறந்தார். அது ஓடவில்லை. திரும்பி, முன்னாலிருந்த பெரிய கண்கள் இரண்டாலும் அவரை அண்ணாந்து பார்த்தது.

திடீரென்று அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று டீச்சர் பக்கத்தில் வந்தார். வையாபுரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தலைவரே?"

"ஒரு தடவை கொடிக்கயிறு மேல மாட்டிக்கிச்சுங்க. ஸ்ட்ரைக் நேரம். அத்தனை பேரும் பட்டினி. பொன்னையா இதே கம்பத்துல விறுவிறுன்னு ஏறிட்டான். கயித்தை எடுத்துவிட்டவன் இறங்க மாட்டேங்கறான். அங்கிருந்து பாத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் பங்களா தெரியும். 'தலைவரே, மேனேஜர் தோசை திங்கறாரு!'ன்னு கத்தறான். 'எத்தனாவதுடா?'ன்னு கீழேருந்து ஒருத்தன். 'எண்ணிட்டிருக்கேன், பேச்சுக் குடுக்காதே!'ங்கறான். வாசலே சிரிச்சுது. காவலுக்கு நின்ன போலீஸ்காரனும் சிரிச்சுட்டு, தொப்பியால மூஞ்சியை மறைச்சுக்கிட்டான்."

டீச்சரும் சிரித்தார். பிறகு கேட்டார்.

"இதை எந்த மேடையிலயாவது சொல்லியிருக்கீங்களா?"

வையாபுரியின் சிரிப்பு நின்றது. பொன்னையாவைப் பற்றி அவர் எழுதிய துண்டறிக்கைகள் மட்டும் ஒரு கட்டு இருக்கும். எல்லாவற்றிலும் குண்டு உண்டு, ரத்தம் உண்டு, மூடிய கண்களோடு அதே படம் உண்டு. தோசை ஒன்றில்கூட இல்லை.

"இல்லீங்க" என்றார். "தியாகிக்கு அதெல்லாம் பொருந்தாதுன்னு விட்டுட்டோம்."

குப்பியை மூடினார். எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். டீச்சர் கை நீட்டினார். அந்தக் கையிலேயே குப்பியை வைத்துவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்தார். சிலந்தி உள்ளே போய்விட்டது.

"அப்ப பொன்னையா பேரை யாருங்க டீச்சர் ஞாபகம் வெச்சிருப்பாங்க?"

டீச்சர் குப்பியைப் பைக்குள் போட்டார். வாசல் பக்கம் மற்றவர்கள் பேசிக்கொண்டே வரும் சத்தம் கேட்டது.

"அதோ வர்றாங்களே, அவங்களைக் கூட்டிட்டு வந்து இந்தச் சிலந்தியைக் காட்டுங்க. தோசைக் கதையைச் சொல்லுங்க. நிழல் மட்டும் விழாம நிக்கச் சொல்லுங்க தலைவரே."