ஏரிக்கரை கட்டிக்கொண்ட பரிவட்டம்

வாருங்கள், நெருங்கி உட்காருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். தூங்குகிறவர்கள் ஓரமாகத் தூங்கலாம், குறட்டை மட்டும் வேண்டாம். ராஜாக்கள் யானைமேல் ஏறிப் போன காலத்துக் கதை இது. ஆனால் இதில் ராஜாவும் வரமாட்டார், யானையும் வராது. ஓர் ஏரி வரும், ஓர் ஊர் வரும், ஒரு வழுக்கைத் தலை வரும்.

ஊரின் பெயர் கொக்கனேரி. அந்த ஊருக்குச் சோறு போட்டது அதன் ஏரி. ஏரியைக் காத்தது அதன் கரை. கரையைக் காத்தது ஊரின் ஒரு வழக்கம்.

வைகாசியில் ஏரி வற்றியதும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்க வேண்டும். அடியில் படிந்த வண்டலை வெட்டி, கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஏரியும் ஆழமாகும், கரையும் உயரமாகும். யார் கூடை மண் எங்கே விழுந்தது என்று அந்த ஊரில் யாரும் கேட்டதே இல்லை.

ஏரிக்குள் ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவிகள் வெறுந்தரையில் முட்டையிடும். மனிதர்கள் இறங்கியதும் தலைக்குமேல் வட்டமடித்து ஊரைக் கூட்டும் அளவுக்குக் கத்தும். பெண்கள் முட்டையைச் சுற்றி நாலு முள்ளை வைத்துவிட்டு அப்பால் போய் வெட்டுவார்கள். குருவியின் கூச்சல் கேட்டால் மராமத்து தொடங்கிவிட்டது என்று வீட்டில் இருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும்.

இப்படி எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. நன்றாக நடப்பதைப் பார்த்தால் சிலருக்குக் கை அரிக்கும் அல்லவா? ஊர் மணியக்காரர் தாண்டவராயருக்கு அரித்தது.

அவருக்கு யோசனைகள் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். ஒருநாள் பலாப்பழம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, பெரிய யோசனையாகவே வந்தது. ஊரைக் கூட்டினார்.

"எல்லாரும் சேந்து செஞ்சா யாரு செஞ்சா, யாரு சும்மா நின்னான்னு தெரிய மாட்டேங்குது. இந்த வருசம் கரையைப் பங்கு போட்டு முளையடிச்சிருவோம். வீட்டுக்கு ஒரு பங்கு. எவன் பங்கு ஒசந்து நிக்குதோ, அவனுக்கு ஆடித் திருவிழாவுல அய்யனார் கோயில்ல பரிவட்டம் கட்டுவோம்!"

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். ஒருவன் மட்டும் தலையைத் தடவினான். அவன்தான் காத்தமுத்து.

காத்தமுத்து நல்ல உழைப்பாளி. ஆனால் அவனுக்கு ஒரு தீராத ஆசை இருந்தது. ஒவ்வொரு ஆடியிலும் பூசாரி பரிவட்டமான சிவப்புப் பட்டுத்துணியை மணியக்காரர் தலையில் சுற்றும்போது, கூட்டத்தில் நிற்கும் காத்தமுத்துவின் கை தானாகத் தன் வழுக்கைக்குப் போய்விடும். அங்கே ஒரு முடியும் கிடையாது, ஒரு பட்டும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் அவன் மனைவி வீராயி, "கைய எடுய்யா, ஊரே பாக்குது" என்று முழங்கையால் இடிப்பாள்.

திருவுளச்சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்தார்கள். காத்தமுத்துவுக்கு நடுக்கரையில் ஒரு பங்கு விழுந்தது. அதையொட்டிய பங்கு சடையனுக்கு விழுந்தது. சடையன் சூதுவாது தெரியாதவன், படுத்தால் எழுப்புவது கஷ்டம். அவன் பங்குக்கு நேர் கீழே இருந்தது காத்தமுத்துவின் நெல்வயல். இதை நீங்கள் மறந்துவிடாதீர்கள், காத்தமுத்து மறந்துவிட்டான்.

முதல்நாள் காலையில் எல்லாரும் ஏரிக்குள் இறங்கினார்கள். குருவி கத்தியது. வண்டல் காய்ந்து பாறையாகக் கிடந்தது. அடியிலிருந்து கரைக்கு ஏறினால் மூச்சு வாங்கியது. காத்தமுத்து மதியம்வரை சுமந்து, தன் பங்கைப் பார்த்தான். ஒரு விரல்கூட உயர்ந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் பார்த்தான். சடையன் கூழ் குடித்துவிட்டுப் புங்கமரத்தடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பங்கில் மண் பொலபொலவென்று இருந்தது, ஏற வேண்டாம், இறங்க வேண்டாம், கைக்கெட்டும் தூரம்.

"ஒரு கூடைதானே" என்றான் காத்தமுத்து. எடுத்தான்.

மறுநாள், "நேத்து எடுத்தப்பவே ஒண்ணும் ஆகலையே" என்றான். எடுத்தான்.

அதற்கு மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சுக்கு நேரமில்லை, அவ்வளவு மண் எடுத்தான்.

ஒரு திருடன்தான் என்றால் கதை சின்னதாக முடிந்திருக்கும். காத்தமுத்து சடையன் பங்கில் குனிந்திருந்தபோது, இடப்பக்கத்துப் பங்குக்காரன் காத்தமுத்துவின் பங்கில் குனிந்திருந்தான். அவன் சாப்பிடப் போனபோது அடுத்தவன் அவன் பங்கில் குனிந்தான். மணியக்காரர் பங்கு கரையின் கடைக்கோடி. அவருக்கு ஒரு பக்கம்தான் அக்கம்பக்கம். அதனால் அவர் வீட்டு ஆட்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, கோயிலைச் சுற்றிவந்து, கரையின் மறுகோடியில் அள்ளினார்கள். காலையில் மேற்கே இருந்த மண் மதியம் நடுவில் இருந்தது, சாயங்காலம் கிழக்கே போய்ச் சேர்ந்தது. கொக்கனேரி அவ்வளவு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் முதுகு வலித்தது. கரையில் ஒரு பிடி மண்கூடச் சேரவில்லை.

சடையன் ஒருவன்தான் யாரிடமும் எடுக்கவில்லை. தூங்கி எழுந்து, ஏரியில் வெட்டி, மெதுவாகச் சுமந்து, மறுபடி தூங்கினான். அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

"இந்த வருசம் கரையேறுறது எம்புட்டுச் சுளுவா இருக்கு! போன வருசமெல்லாம் எனக்கு முட்டி வலிக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

வீராயிக்குத்தான் சந்தேகம் வந்தது. ஒருநாள் கூழ் கொண்டுவந்தவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏய்யா, அந்தக் குருவி என்ன கத்தவே மாட்டேங்குது?"

"அதுக்குத் தொண்டை கட்டியிருக்கும். நீ கூழை ஊத்து புள்ள."

வீராயி ஏரிக்குள் எட்டிப் பார்த்தாள். போன வருடம் வெட்டிய தடத்தில் கோரை முளைத்திருந்தது. நட்ட நடுவில், முள்வேலிகூட இல்லாமல், ஆள்காட்டி தன் முட்டைமேல் ஜமீன்தார்போல உட்கார்ந்திருந்தது. சடையன் வெட்டும் சின்னக் குழி ஒன்று தூரத்தில் தெரிந்தது. அவ்வளவுதான்.

"ஏரியில வெட்டலேன்னா இம்புட்டு மண்ணு எங்கேருந்துய்யா வந்துச்சு?"

"சத்தம் போடாத."

"சடையண்ணன் பங்கைப் பாருய்யா, குழி விழுந்து கெடக்கு. அதுக்குக் கீழதான்ய்யா நம்ம வயலு!"

"வயலு எங்கயும் ஓடிப்போகாது. ஆடி வருதுல்ல, ஆடி!" என்றான் காத்தமுத்து. அவன் கை வழுக்கையில் இருந்தது.

ஆடி வந்தது. மணியக்காரர் கரைமேல் நடந்து வந்து பார்த்தார். உயர்ந்த இடத்தைத் தேடி வந்தவர் ஆகையால் மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார். சடையன் பங்கில் கால் தடுக்கி விழப்போய், "பாத்து நட" என்று தன் காலையே திட்டிக்கொண்டு மேலே போனார். காத்தமுத்துவின் பங்கு கரைமேல் ஒரு திமில் போல நின்றது. பரிவட்டம் அவனுக்கே என்று தீர்ப்பாயிற்று.

பூசாரி சிவப்புப் பட்டைச் சுற்றினார். காத்தமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாவம், உண்மையான சந்தோஷம்தான். திருடிய மண்ணில் கிடைத்தது என்று அந்த நேரத்தில் அவனுக்கு நினைவே இல்லை.

அன்று கட்டியதை அவன் அவிழ்க்கவே இல்லை. கட்டிக்கொண்டே உழுதான், கட்டிக்கொண்டே நாற்று நட்டான், கட்டிக்கொண்டே படுத்தான். குளிக்கும்போது கழுத்துவரை மட்டும் நனைந்தான். வீராயி திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் படுத்தாள்.

ஐப்பசி பிறந்தது. வானம் இருண்டு, விடாமல் பெய்தது. வண்டல் எடுக்காத ஏரி எவ்வளவு தண்ணீரைத் தாங்கும்? வழக்கமாக ஒரு மாதத்தில் நிரம்புவது ஒரு வாரத்தில் நிரம்பிவிட்டது. ஒருநாள் பொழுது விடிந்தபோது தண்ணீர் கரையின் கழுத்துக்கு வந்திருந்தது. தமுக்கு அடித்தார்கள். ஊர் திரண்டு மண்வெட்டியோடு கரைக்கு ஓடியது.

ஓடிவந்து என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? அவரவர் பங்கில் ஏறி, அக்கம்பக்கத்தான் மண்ணை எடுத்துவிடாமல் காவல் நின்றார்கள். காத்தமுத்துவும் தன் திமிலின் உச்சியில், தலையில் பட்டோடு நின்றான். "நம்ம பங்கு கோட்டை மாதிரி நிக்குது!" என்றான்.

தண்ணீர் யார் பங்கு என்று கேட்டு வருவதில்லை. தாழ்ந்த இடம் எது என்றுதான் பார்த்தது. சடையன் பங்கின் குழி வழியாக ஒரு மெல்லிய கோடாக வழிந்தது. பிறகு வாய்க்கால் அளவுக்கு வழிந்தது. சடையன் அதன் நடுவில் உட்கார்ந்து, தன் முதுகாலேயே தண்ணீரை அடைக்கப் பார்த்தான்.

"யாராச்சும் ஒரு கூடை மண்ணு போடுங்கய்யா! என்னால ஆகலை!" என்று அலறினான்.

காத்தமுத்து வேடிக்கை பார்க்கத் திரும்பினான். வழிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணை ஓட்டினான். அது நேராகக் கதிர்விடும் நெல்வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. வரப்போரம் வீராயி இடுப்பளவு சேற்றில் நின்று, இரண்டு கையாலும் வரப்பின்மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது அவன் வயல். அந்த வருடத்துச் சோறு மொத்தமும் அதில்தான் இருந்தது.

காத்தமுத்து திமிலிலிருந்து குதித்தான். இடப்பக்கத்துக்காரனிடம் ஓடினான். "ஒரு கூடை மண்ணு குடுப்பா!" "என் பங்கு எறங்கிரும்" என்றான் அவன். அடுத்தவனிடம் ஓடினான். "பரிவட்டம் கட்டினவன் நீ, ஒன் மண்ணைப் போடு" என்றான் அவன். மணியக்காரரிடம் ஓடினான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மணியக்காரர். அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

காத்தமுத்து திரும்பி வந்தான். தன் திமிலில் மண்வெட்டியை ஓங்கி இறக்கினான். வெட்டி வெட்டிக் குழியில் தள்ளினான். தள்ளத் தள்ளத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனது. மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு துணி வேண்டும், ஒரு சாக்கு வேண்டும். சுற்றிலும் பார்த்தான். ஒன்றுமில்லை. அவன் கை தானாகத் தலைக்குப் போனது.

ஒரு கணம் நின்றான். அவனுக்கு அது எத்தனை வருட ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு உருவினான். பட்டை விரித்து, மண்ணைக் கொட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு, குழியின் வாயில் வைத்து, சடையனோடு சேர்ந்து அதன்மேல் உட்கார்ந்தான்.

"ஊரே கேளுங்கடா! இது சடையன் மண்ணு! நான்தான் எடுத்தேன், அவன் தூங்கறப்ப எடுத்தேன்! என் தலையில இருந்தது அவனோடது!" என்று கத்தினான்.

குளிக்கும்போதுகூட அவிழ்க்காதவன் அவிழ்த்துவிட்டதை ஊரே பார்த்தது. இடப்பக்கத்துக்காரன் குனிந்து தன் பங்கை வெட்டத் தொடங்கினான். "இதுல பாதி காத்தமுத்துவோடது" என்று முணுமுணுத்தான். "இதுல கொஞ்சம் ஒன்னோடது" என்றான் அடுத்தவன். கடைசியில் மணியக்காரரும் மண்வெட்டியோடு வந்தார். "நம்ம வண்டியில வந்தது யாரு மண்ணுன்னு எனக்கே தெரியலப்பா" என்றார். பெண்கள் முந்தானையில் மண் சுமந்தார்கள், ஆண்கள் வேட்டியில் கட்டிச் சுமந்தார்கள். உச்சிவேளைக்குள் குழி அடைபட்டது. கரை அங்கிருந்து இங்குவரை ஒரே மட்டமாக நின்றது, முளைக்குச்சிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

காத்தமுத்துவின் வயலில் பாதியை மணல் மூடிவிட்டது. அந்த வருடம் அவன் வீட்டில் கேப்பைக் களிதான் அதிகம். சடையன்தான் மணலை அள்ளிப்போட உதவிக்கு வந்தான், நடுநடுவே தூங்கிக்கொண்டு. காத்தமுத்து அவனை எழுப்பவில்லை. வெயில் படாமல் ஒரு ஓலையை எடுத்து முகத்துக்கு மறைத்து வைத்தான்.

அடுத்த வைகாசியில் யாரும் முளையடிக்கவில்லை. ஊர் மொத்தமும் ஏரிக்குள் இறங்கியது. ஆள்காட்டி அலறிய அலறலில் மணியக்காரருக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. ஆடி வந்ததும் அவர் புதுப் பட்டு ஒன்று வாங்கிவந்து, "காத்தமுத்து, தலையக் குனி" என்றார்.

"வேண்டாமுங்க. என் பட்டை ஏரிக்கரை கட்டிக்கிச்சு. அதுக்குத்தான் பொருத்தமா இருக்கு" என்றான் காத்தமுத்து.

"ஆமா, கரையாச்சும் குளிக்கும்" என்றாள் வீராயி.

இதனால் நான் உங்களுக்குச் சொல்ல வருவது இதுதான்: பொதுவில் உள்ளதை நம் பக்கம் மட்டும் உயர்த்திக்கொள்ளப் பார்த்தால், அடுத்தவனின் தாழ்ந்த பக்கம் வழியாக வெள்ளம் நம் வயலுக்கே வரும்.